உண்ண மறுக்கும் குழந்தையும் ஊட்ட வந்த நீயும்

சிரஞ்சீவித் தம்பிக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. படிப்பையும் பயிற்சியையும் முடித்துக்கொண்டு ஒரு தெரபி சென்டரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக அமர்ந்திருக்கும் நீ, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் விளையாட்டையும் எழுத்தையும் உடலசைவையும் பற்றிக் கல்லூரியில் கற்றது ஓரளவுக்குக் கைகொடுப்பதாகவும், ஆனால் வருகிற பெற்றோர் பலரும் முதலில் கேட்பது "எப்படியாவது இவனை நாலு வாய் சாப்பிட வைத்துவிடுங்கள், சார்" என்ற ஒன்றையே என்றும், அதற்கு எந்த முறையைக் கையாண்டால் விரைவில் பலன் கிட்டும் என்பது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். முறைகள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றைப் பின்னால் சொல்கிறேன். முறைக்கு முன்னால் நீ மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டிய அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது. இக்குழந்தைகள் உண்ண மறுக்கும் நூறு பதார்த்தங்களைக் காட்டிலும், அவர்கள் உண்ணச் சம்மதித்திருக்கும் நாலைந்து பதார்த்தங்களே நம் கவனத்துக்கு முதலில் உரியவை. வருகிற பெற்றோரும், சில சமயம் நம் மேலதிகாரிகளும் இதற்கு நேர்மாறாகவே நினைக்கிறார்கள் ஆதலால், இதை நீ தனித்து நின்று காக்க வேண்டிவரும்.

இந்தத் துன்பம் நேற்றுத் தோன்றியதன்று. 1943-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளின் சரித்திரத்தை எழுதி இந்நிலையை உலகுக்கு அறிமுகம் செய்தபோதே, அவர்களுள் பலர் பிறந்தது முதலே பால் குடிப்பதிலும் ஆகாரம் உட்கொள்வதிலும் கடுமையான தொல்லை கொடுத்தவர்கள் என்பதைக் குறித்திருக்கிறார். அவர் விவரித்த முதற்சிறுவனுக்குச் சாப்பாடு என்றைக்குமே ஒரு பிரச்சினையாக இருந்தது என்றும், மற்றப் பிள்ளைகள் மிட்டாயும் ஐஸ்கிரீமும் தின்பதைக் கண்டு அவன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை என்றும் வீட்டார் தெரிவித்திருந்தனர். வெளியுலகம் ஒரு சிசுவின் அனுமதியில்லாமல் அதனுள் நுழைய முற்படும் முதற்சந்தர்ப்பம் ஆகாரமே என்ற கருத்தில் கானர் எழுதிய பகுதியை நீ தேடிப் படிக்க வேண்டும். எண்பது ஆண்டுகளில் எத்தனையோ சித்தாந்தங்கள் வந்து போயின, அந்த நோக்கு மட்டும் பழையதாகவில்லை. மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தாம் கண்ட சிறுவர்கள் மிகுந்த புளிப்பையும் காரத்தையும் நாடுவதையும், காய்கறிகளிடத்தும் பால்பொருள்களிடத்தும் வெல்ல முடியாத வெறுப்புக் கொள்வதையும் எழுதினார். சோற்றைத் தொடாமல் ஊறுகாயை மட்டும் வழித்து நக்கும் பிள்ளையை நீ இனி நம்மூரில் காணும்போது, இது நம் வீடுகளுக்கே உரிய செல்லக்கேடு அல்ல என்பதை அந்தத் தாய்க்கு நீ சொல்லலாம்.

சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் பழி முழுவதும் அவள் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மேனாட்டில் தாயின் அன்பு வறட்சியால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் தம் நூலில் அதை மறுத்து எழுதிய பிறகும் அந்த நம்பிக்கை உடனே ஒழிந்துவிடவில்லை. நம் வீடுகளில் அது வேறு வேஷத்தில் நடமாடுகிறது: "ஊட்டத் தெரியவில்லை, பழக்கத் தெரியவில்லை, ஆரம்பத்திலேயே செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டாரும் சொல்லச் சொல்ல, அவளும் அதை நம்பிக்கொண்டு உன் எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கொடுக்க உன்னிடம் எண்கள் இருக்கின்றன. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கல் நேரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட ஐந்து மடங்கு என்று கண்டது. 2019-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், இக்குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேரிடம் வழக்கத்துக்கு மாறான உணவுப் பழக்கங்கள் தென்பட்டன, சாதாரணக் குழந்தைகளிடமோ நூற்றுக்கு 5 பேரளவில்தான். ஒரு வட்டாரத்துத் தாய்மார் எல்லோரும் ஒருங்கே ஊட்டத் தெரியாதவர்களாகப் போயிருக்க முடியாது அல்லவா?

இனி, அந்தக் குழந்தை தட்டின் முன் அமர்ந்து எதை அனுபவிக்கிறது என்பதை யோசித்துப் பார். நம்முடைய சமையல் உலகத்தில் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிச்சயமின்மையில் அதற்கு இணையான சமையல் வேறொன்று இராது. சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துவிடும் தோசை மாவு மார்கழிக் குளிரில் விடிய விடிய அசையாமல் கிடக்கிறது. அரைத்த மறுநாள் வார்க்கும் தோசையின் மணமும் இனிப்பும் மூன்றாம் நாள் தோசைக்கு இல்லை. புது அரிசி குழைகிறது, பழைய அரிசி விறைத்து நிற்கிறது. பால் பாக்கெட்டின் நிறம் மாறினால் தயிரின் திண்மை மாறுகிறது. கத்தரிக்காயில் ஒன்று வெண்ணெயாக உருக, அதன் உடன்பிறப்பு விதையும் கசப்புமாக வாயில் நிற்கிறது. உப்புமாவின் மென்மைக்குள் ஒரு கறிவேப்பிலை மறைந்திருக்கிறது. சாம்பார் சாதத்தின் ஒரே கவளத்தில் நீரும் குழைவும் முருங்கைக்காய் நாரும் கடுகின் கடிப்பும் வெங்காயத்தின் வழுக்கலும் ஒன்றாய் வந்து சேர்கின்றன. நாம் இவற்றையெல்லாம் "தோசை" என்றும் "சாம்பார் சாதம்" என்றும் ஒரே பெயரிட்டு வழங்கிக்கொண்டு, பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று எண்ணி விழுங்கிவிடுகிறோம். ஸ்பரிசமும் வாசனையும் ருசியும் நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையாகத் தாக்கும் நரம்பமைப்பைப் பெற்ற குழந்தைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. "நேற்று நாலு தோசை தின்றான், இன்று தட்டைத் தள்ளிவிட்டான், வேண்டுமென்றே செய்கிறான்" என்று அந்தத் தாய் முறையிடும்போது, நேற்றைய மாவு எந்த நாளில் அரைத்தது, இன்றையது எந்த நாளில் அரைத்தது என்று கேள். பெரும்பாலும் பையன் சொல்வதே உண்மையாக இருக்கும். அவன் முன் வைக்கப்பட்டது வேறு பதார்த்தம்.

இதே கணக்கில் பாக்கெட்டு பிஸ்கட்டின் மகிமையும் புரிந்துவிடும். ஒரு பிஸ்கட்டுக்கும் அடுத்த பிஸ்கட்டுக்கும் கனத்திலோ நிறத்திலோ முறிகிற ஓசையிலோ இம்மியும் வித்தியாசம் இல்லை. உறையில் அச்சிட்ட படம்கூட உள்ளே இருப்பது இன்னது என்று வாக்குக் கொடுக்கிறது. சிப்ஸ், அப்பளம், வெறும் சோறு, தயிர்ச் சாதம், குறிப்பிட்ட ஒரு கடையின் பரோட்டா என்று இப்பிள்ளைகளின் பட்டியல் நீளும்போது, இவை சத்தில்லாதவை என்று உடனே முகம் சுளிக்காதே. மற்றவற்றைவிடக் குறைவாக ஏமாற்றுபவை என்ற ஒரே குணத்தால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், புலனுணர்ச்சிகளின் மிகையும் குறைவும் ஆட்டிசத்தின் லட்சணங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுவிட்டன. உணவைத் தவிர்த்தும் குறுக்கியும் உடலுக்குக் கேடு விளையும் அளவுக்குப் போகும் நிலைக்கு ஆர்ஃபிட் என்ற தனிப்பெயரும் அதே கையேட்டில்தான் வந்தது. ஆகவே இதைப் பிடிவாதம் என்று எழுதும் பழக்கத்தை உன் குறிப்பேட்டிலிருந்து விலக்கிவிடு.

குறிப்பேடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "என்ன சாப்பிடுகிறான்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்ற பதில்தான் வரும். மூன்று நாள் உண்டதையும் குடித்ததையும் எழுதிவரச் சொல். எந்தக் கம்பெனியுடையது, சூடா ஆறியதா, எந்தத் தட்டு, யார் ஊட்டினார்கள், அப்போது டி.வி. ஓடியதா, எவ்வளவு நேரம் பிடித்தது என்பன எல்லாம் அதில் இருக்கட்டும். முடிந்தால் சாப்பாட்டு வேளையில் அந்த வீட்டுக்கே போ. சென்டரின் குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரத்தில் நீ அறிய முடியாததை, குக்கரின் விசிலும் மிக்ஸியின் அலறலும் மிளகாய் தாளிக்கும் நெடியும் கலந்த அந்தச் சிறிய வீட்டில் கால் மணி நேரத்தில் அறிவாய். முதற்கவளம் வருமுன்பே அந்தக் குழந்தை களைத்துப் போய்விடுகிறது என்பதை அங்கேதான் பார்ப்பாய்.

வாயைத் தொடுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். இதில் ஓர் அணுவளவும் அலட்சியம் கூடாது. மலச்சிக்கலும் நெஞ்செரிவும் இக்குழந்தைகளிடம் சாதாரணமாய்க் காணப்படுபவை. நாலைந்து நாள் மலங்கழியாத வயிற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்? பிடித்த பண்டத்தையே திடீரென்று மறுத்தால் சொத்தைப் பல்லைத் தேடு. தண்ணீர் குடிக்கையில் இருமுவதும், சாப்பாட்டுக்குப் பின் குரல் நீர்க்கோத்தாற்போல் ஒலிப்பதும், அடிக்கடி நெஞ்சுச் சளி வருவதும் கண்டால், அது விழுங்குதலில் உள்ள கோளாறாக இருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளரையும் வைத்தியரையும் கலந்து, தேவையானால் விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனை முடியும்வரை நீ எந்தப் புதுப் பதார்த்தத்தையும் கொடுக்காதே. கொடுத்துவரும் மருந்துகளையும் கேள்: கவனக்குறைவுக்காகக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் பசியை அடக்கும், மூர்க்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் பசியைக் கிளறி எடையை ஏற்றும். மண்ணையும் சாக்பீசையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்தின் அளவைப் பார்க்கச் சொல். உரிந்த பழைய பெயிண்ட்டைத் தின்கிறது என்றால் ஈயத்தின் அளவையும்.

எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது எடை. நான் மேலே சொன்ன 2013-ஆம் ஆண்டு ஆய்விலேயே, இக்குழந்தைகள் கால்சியமும் புரதமும் குறைவாக உட்கொண்டபோதிலும் வளர்ச்சி அளவுகளில் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. பையன் கொழுகொழுவென்று இருக்கிறான், எடை அட்டையில் கோடு நேராகப் போகிறது என்று எல்லோரும் திருப்தியடைந்திருக்கும் வேளையிலே உள்ளே ஒரு சத்து முற்றிலும் வற்றிப்போயிருக்கலாம். தயிர்ச் சாதமும் பிஸ்கட்டும் பாலும் மட்டுமே உண்ணும் குழந்தையின் நாளை எண்ணிப் பார்: அரிசியிலும் மைதாவிலும் காய்ச்சிய பாலிலும் வைட்டமின் சி சொல்லத்தக்க அளவில் இல்லை. அப்பிள்ளை ஒருநாள் நொண்டுகிறான், பிறகு நடக்கவே மறுக்கிறான்; எலும்பு வைத்தியரிடமும் வாத வைத்தியரிடமும் கொண்டுபோகிறார்கள்; ரத்தப் புற்றோ என்று அஞ்சி எலும்பு மஜ்ஜையைக்கூடப் பரிசோதிக்கிறார்கள்; கடைசியில் ஈறு வீங்கி ரத்தம் கசிவதைக் கண்ட யாரோ ஒருவர் அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்கிறார். இப்படிப்பட்ட சரித்திரங்கள் பல தேசத்து மருத்துவ ஏடுகளில் அச்சாகியிருக்கின்றன. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தீர்த்துக்காட்டிய ஸ்கர்வி நோய், கொய்யாவும் நெல்லிக்காயும் கூடைகூடையாய் விற்கும் நம் தெருக்களிலும் ஒரு வீட்டுக்குள் குடியிருக்க முடியும். சில காசுப் பெறுமானமுள்ள மாத்திரைகளால் சில வாரங்களில் தீர்வது அது. வைட்டமின் ஏ வற்றினால் மாலைக்கண்ணும், மிதமிஞ்சிய பாலால் இரும்புக் குறைவும் வரும். ஆகவே குழந்தை வைத்தியரைக் கொண்டு ரத்தப் பரிசோதனையும், தேவையான சத்து மருந்தும் முதலில் நடந்துவிடட்டும். அவசரம் அங்கே தீர்ந்துவிட்டால், பிறகு நீயும் தாயும் குழந்தையும் பதறாமல் நடக்கலாம்.

இந்த இடத்தில்தான் நான் அஞ்சும் தவறு நிகழ்கிறது. சத்து மருந்து வந்தவுடன், அதைப் பொடித்துத் தயிர்ச் சாதத்தில் கலந்துவிடத் தோன்றும். பீட்ரூட்டை அரைத்து இட்லி மாவில் சேர்க்கவும், கீரையைப் பருப்போடு மசித்து மறைக்கவும் உபாயம் சொல்ல உறவினர் ஒருவர் எப்போதும் அருகில் இருப்பார். சாதாரணக் குழந்தையிடம் இது பலிக்கலாம், இவனிடம் பலிக்காது. மாத்திரையின் கசப்பில் ஒரு துளியை அவன் நாக்கு கண்டுகொண்ட அன்று, தயிர்ச் சாதம் நம்பத்தகாத பதார்த்தமாகிவிடும். அன்று விட்ட தயிர்ச் சாதத்தை அவன் பிறகு ஆண்டுக்கணக்கில் தொடாமற் போகலாம். ஐந்து பதார்த்தம் நான்காகும், நான்கு மூன்றாகும். இருக்கும் முதலைச் சூதாட்டத்தில் வைக்கிற வணிகனைக் காட்டிலும் இது புத்தியீனமான காரியம். ஏனென்றால் அவனுக்காவது ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. மருந்தை மருந்து என்றே சொல்லி, தனிக் கிண்ணத்தில், தனி நேரத்தில், சொட்டு மருந்தோ பாகோ பொடியோ எது அவனுக்குச் சம்மதமோ அந்த வடிவத்தில் கொடுங்கள். அதற்குப் பத்து நாள் கூடுதலாகப் பிடித்தால் பிடிக்கட்டும். அதேபோல, "இதைச் சாப்பிட்டால்தான் பிஸ்கட்" என்று அவனுடைய உறுதியான உணவைப் பணயமாக வைக்கும் வழக்கத்தையும் நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு வேளையும் அவன் தட்டில் அவனுக்கு நிச்சயமான ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும்.

நிர்ப்பந்தத்தைப்பற்றி நீ கேட்டிருந்தாய். கால்களை நீட்டி அவற்றின்மேல் மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பாலாடையால் புகட்டுவது நம் பாட்டிமார் கைக்குழந்தைகளுக்குச் செய்துவந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதைச் செய்யும் வீடுகள் உண்டு. மூச்சுக்குழலுக்குள் உணவு போய்விடும் அபாயம் ஒருபுறமிருக்க, உணவைப்பற்றி அக்குழந்தை கற்றுக்கொள்வது அச்சம் ஒன்றையே. இதன் நாகரிகமான உருவமும் ஒன்று உண்டு: ஸ்பூனை உதட்டருகே வைத்து, ஏற்றுக்கொள்ளும்வரை எடுக்காமலே இருப்பது. இதனால் உட்கொள்ளும் அளவு கூடுகிறது என்று காட்டும் ஆராய்ச்சிகள் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். குழாய் மூலமே உணவு பெற்றுவரும் குழந்தையைப் பல துறை வைத்தியர்கள் கூடி மருத்துவமனையில் வைத்துப் பயிற்றுவிப்பது வேறு விஷயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்க்கிற நீ, தனியறையில், அழும் குழந்தையின் வாயருகே ஸ்பூனைப் பிடித்துக்கொண்டிருக்க உனக்கு அதிகாரம் உண்டு என்று நான் நம்பவில்லை. வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் தம் இளமையைப்பற்றிப் பேசும்போது, பள்ளியையும் பரிகாசத்தையும் சொல்வதற்கு ஈடாக இந்தச் சாப்பாட்டு மேசையையும் சொல்கிறார்கள்.

மறுகோடியில் நிற்பவர்கள் "பசி ருசி அறியாது; இரண்டு நாள் காயப்போடு, தானாகத் தின்பான்" என்பார்கள். பழமொழி பொய்யன்று, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பசியைப் பசி என்று உணர வேண்டும். வயிற்றின் காந்தலும் தொண்டையின் வறட்சியும் மூத்திரத்தின் முடுக்கும் உள்ளிருந்து வந்து சேரும் செய்திகள். இப்பிள்ளைகளுள் பலருக்கு அச்செய்திகள் மங்கலாகவோ தாமதமாகவோ வந்து சேர்கின்றன. காயப்போட்டால் இவர்கள் மருத்துவமனைக்குப் போவார்களே தவிர, மறுத்த உணவுக்கு வர மாட்டார்கள். அமெரிக்க உணவியல் அறிஞர் எல்லின் சாட்டர் வகுத்த பங்கீடு, அதாவது என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் தீர்மானிப்பது, உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிப்பது என்பது, இவர்களுக்கும் நல்ல அஸ்திவாரமே. ஆனால் பசியை மட்டும் நம்பி அதை விட்டுவிட முடியாது. கடிகாரத்தை நம்ப வேண்டும். குறித்த நேரத்தில், இரண்டரை மூன்று மணி இடைவெளியில், நாள் முழுதும் டம்ளர் டம்ளராய்ப் பாலும் கைநிறையச் சிப்ஸும் இடையிடையே போகாமல், அரை மணிக்கு மேற்படாத சாப்பாட்டு வேளைகள் அமைந்தால் அதுவே பாதிச் சிகிச்சை.

மீதிப் பாதிக்கு வருகிறேன். புதிய உணவைத் தின்பது என்பது ஒரு காரியமன்று. அது படிகள் பல கொண்டது என்ற எண்ணத்தின்மேல்தான் கே டூமி என்ற அமெரிக்க உளவியலாளரின் முறை நிற்கிறது. அறையில் இருக்கப் பொறுத்தல், மேசையில் இருக்கப் பொறுத்தல், தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், நக்குதல், கடித்துத் துப்புதல் என்று மெல்ல ஏற வேண்டும். சாதாரணக் குழந்தைக்கே ஒரு புதுச் சுவை பழகப் பத்துத் தடவையும் அதற்கு மேலும் பிடிப்பதுண்டு. இவர்களுக்கு எத்தனை என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. இதை நம் வீடுகளில் நடத்தப் போனால் ஒரு தடை எதிர்ப்படும், அதைப் பாடப்புத்தகம் உனக்குச் சொல்லியிராது. அன்னத்தை அளைவதும் துப்புவதும் பாவம் என்று வளர்ந்த பாட்டி அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் சோற்றில் வீடு கட்டி விளையாடச் சொன்னால், மறுநாள் அந்தப் பிள்ளை உன்னிடம் வராது. அவரோடு வாதாடாதே. படிகளைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிரித்துச் சமையல் வேலைக்குக் கொண்டுபோய்விடு. கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, உளுந்து கழுவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, புளி கரைப்பது, முருங்கைக்காய் நறுக்கியதை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது இவற்றில் எல்லாம் தொடுதலும் முகர்தலும் பார்த்தலும் அடங்கியிருக்கின்றன. ஒரு பருக்கையும் வீணாவதில்லை. தின்ன வேண்டும் என்ற நெருக்குதலும் இல்லை. பாட்டியே ஆசிரியையாகிவிடுவார். கடித்துத் துப்பும் படி வரும்போது கடலைப் பருப்பளவுத் துண்டு போதும்.

இன்னொரு வழி, ஏற்ற உணவிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி அடுத்த உணவுக்கு நகர்வது. உருளைக்கிழங்குச் சிப்ஸை நம்புகிறவன் அதே கனமும் அதே உப்பும் உள்ள வாழைக்காய்ச் சிப்ஸை நம்பக்கூடும். அதிலிருந்து வீட்டில் மொறுமொறுவென்று வறுத்த வாழைக்காய்த் துண்டுக்கும், பிறகு சற்றுத் தடித்த வறுவலுக்கும் வரலாம். நிறம், வடிவம், மொறுமொறுப்பு, சூடு, சுவை இவற்றுள் இரண்டை ஒருசேர மாற்றினால் அறுந்துபோகும். பழைய சிப்ஸ் பக்கத்திலேயே இருக்கட்டும். புதியது தட்டின் ஓரத்தில், வேண்டுமானால் தனிக் கிண்ணத்தில். அதைப்பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். "சபாஷ்" என்பதுகூடச் சில பிள்ளைகளுக்கு நெருக்குதல்தான்.

உட்காரும் விதம் உன் துறைக்கே உரியதாதலால் சுருக்கமாகச் சொல்கிறேன்: காலுக்குத் தரை எட்டாமல் தொங்கும் நாற்காலியில் முதுகு தளர்ந்த குழந்தை விழாமலிருப்பதற்கே தன் சக்தியைச் செலவிடும். பாதத்துக்கு ஒரு பலகை போடு. செல்போனைப்பற்றி எல்லோரும் தாயைக் கண்டிக்கிறார்கள். படம் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளை உணவையும் பசியையும் அறியாமலே போகிறது என்பது மெய்தான். ஆனாலும் அந்தப் படம் ஒன்றினால்தான் ஒரு வேளைச் சோறு உள்ளே போகிறது என்றால், அதைப் பறிப்பது கடைசிக் காரியமாக இருக்கட்டும்.

கோதுமையையும் பாலையும் அறவே நீக்கினால் ஆட்டிசமே குறையும் என்ற பிரசாரம் நம்மூரிலும் பலமாக இருக்கிறது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒவ்வாமையோ சீலியாக் நோயோ பரிசோதனையில் தெரிந்தால் அது வேறு. தயிர்ச் சாதமும் பிஸ்கட்டுமே உலகமாய் வாழும் குழந்தையிடமிருந்து தயிரையும் பிஸ்கட்டையும் பறிக்கச் சொல்கிறவர், பறித்த இடத்தில் எதை வைக்கப் போகிறார் என்பதை முதலில் சொல்லட்டும்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் தனி. பதினாலு பதினைந்து வயதில் மீசை அரும்பிய மகனுக்கு இன்னமும் தாய் பிசைந்து ஊட்டுகிறாள் என்றால், அங்கே சிகிச்சையின் முதல் வார்த்தை உணவைப்பற்றியதாக இருக்கக் கூடாது. அவன் கையில் ஸ்பூனோ, கையால் அள்ள முடிந்த உருண்டையோ வருவதைப்பற்றியதாக இருக்க வேண்டும். பேசக்கூடியவர்களிடம் நேரே கேள்: எது வழுக்குகிறது, எது குமட்டுகிறது, எந்த மணம் தலைவலி தருகிறது என்று அவர்கள் சொல்வதில் பெற்றோர் பத்து வருஷமாய் அறியாதது வெளிவரும். கல்யாணப் பந்தியும் பள்ளிச் சத்துணவுக் கூடமும் கல்லூரி மெஸ்ஸும் இரைச்சலாலேயே பலரைப் பட்டினி போடுகின்றன. டப்பாவில் தம் உணவைக் கொண்டுவரவும், அமைதியான மூலையில் உண்ணவும் அனுமதிக்கும்படி பள்ளியைக் கேட்கலாம். ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது.

பெண் பிள்ளைகளிடம் கூடுதலான கவனம் வேண்டும். அநோரெக்ஸியா என்னும் உண்ணா நோய்க்கும் ஆட்டிசத்துக்கும் உறவு இருக்கலாம் என்று ஸ்வீடனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கில்பெர்க் 1983-இலேயே கேள்வி எழுப்பினார். இன்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இரண்டும் சேர்ந்தவர்களுக்கென்றே தனியான சிகிச்சைப் பாதை வகுத்திருக்கிறார்கள். சிறு வயதில் ஐந்து பதார்த்தத்தோடு வளர்ந்த பெண், பூப்பெய்திய பின் அதையும் குறைத்து, கலோரிக் கணக்கும் விதிகளுமாய் இறுகிப்போனால், "அவள் எப்போதும் அப்படித்தானே" என்று நீ சும்மா இருந்துவிடாதே. மாதவிலக்கு நின்றிருக்கிறதா, எடை இறங்குகிறதா, மயக்கம் வருகிறதா என்று கேட்டு, அன்றே வைத்தியரிடம் அனுப்பு.

பெற்றோரிடம் காலக்கெடு கொடுக்காதே. மூன்று மாதத்தில் எல்லாம் தின்பான் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உன் தெருவிலேயே இருப்பார்கள். சிலர் அங்கே போவார்கள், போகட்டும். ஓர் ஆண்டில் இரண்டு பதார்த்தம் கூடி, ஒன்றும் குறையாமல், சாப்பாட்டு வேளையில் யாரும் அழாமல் இருந்தால், அதை நல்ல ஆண்டு என்று எழுதிவை. அந்தத் தாயிடம் அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்றும் கேள். மணிக்கணக்காய் ஊட்டிவிட்டு ஆறிப்போனதைச் சமையலறையில் நின்றுகொண்டே விழுங்குகிறவளாக இருப்பாள்; குழந்தையோடு ஒரே வேளையில், தன் தட்டோடு, அவள் உட்கார்ந்து உண்ணட்டும். பிறர் உண்பதைப் பார்த்தே குழந்தைகள் பெரும்பாலும் உண்ணக் கற்றுக்கொள்கின்றன.

நீ எழுதியிருந்த அந்த ஏழு வயதுப் பையனுக்கு, ரத்தப் பரிசோதனையும் பல் வைத்தியர் கருத்தும் வந்த பின் மேற்கொண்டு யோசிக்கலாம். அதுவரை அவனுடைய நாலு பதார்த்தங்களில் கை வைக்காதே. மூன்று நாள் பட்டியலை அனுப்பும்போது, அந்த வீட்டில் மாவு எத்தனை நாளுக்கு ஒருமுறை அரைக்கிறார்கள், எந்தக் கிழமையில் அரைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
மூத்த சக ஊழியன்